கூர்லாந்து மானின் பின்பாதி

தாராவியில் தோல் வேலை செய்கிறவர்களில் வெயிலுமுத்துவைத் தெரியாதவர்கள் குறைவு. அவரிடம் வேலை கொடுத்துவிட்டு அவருடைய கேள்விகளிலிருந்து தப்பியவர்கள் அதைவிடக் குறைவு. தோலில் முத்திரை அழுத்துவது அவர் தொழில். பித்தளை அச்சைச் சூடாக்கிக் கை பிரஸ்ஸில் மாட்டி, லேசாக ஈரம் காட்டிய தோலை அடியில் வைத்து, கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுத்தால் போதும், கம்பெனிப் பெயரோ சின்னமோ தோலில் பள்ளமாக இறங்கிவிடும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் பத்து நிமிடம் விசாரணை நடக்கும். கழுகு ஏன் இடது பக்கம் பார்க்கிறது, தாமரைக்கு ஏன் ஐந்து இதழ், சேட்டின் தாத்தா பெயர் என்ன என்று எல்லாவற்றையும் கேட்பார். கேட்காமல் அழுத்தினால் அவருக்குக் கை ஓடாது.

வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது மாட்டுங்கா லேபர் கேம்பில். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாத்தியார் கேள்வி தாங்கமாட்டாமல் அனுப்பிவிட்டார் என்று மனைவி சொர்ணம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் அப்பாவுக்கு வேலை போனதால்தான் நின்றது. ஆனால் வெயிலுமுத்து அதைத் திருத்துவதில்லை, மனைவி சொல்கிற காரணம்தான் கேட்க நன்றாக இருக்கிறது என்பார்.

தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில், கீழே வீடு, இரும்பு ஏணி வைத்து ஏறினால் மேலே கார்கானா, அதாவது அவருடைய பட்டறை. அங்கே பிரஸ்ஸுக்குப் பின்னாலிருக்கும் சுவரில் நானூறுக்கும் மேற்பட்ட தோல் துண்டுகள் ஆணியில் தொங்கும். எந்த வேலைக்கும் முதல் அழுத்தத்தைக் கழிவுத் துண்டில்தான் போடுவார். அந்தத் துண்டு சுவருக்குப் போகும். மாட்டுங்கா காபிக் கடையின் டபரா டம்ளர், செம்பூர் கோயில் டிரஸ்டின் வேல், ஒரு வைர வியாபாரியின் ஆந்தை என்று எல்லாம் அங்கே உண்டு. வியாபாரியின் மனைவிக்கு ஆந்தை பிடிக்குமாம், அதையும் கேட்டு வைத்திருக்கிறார். சுவருக்கு ஒரு சட்டம் இருந்தது. யாருடைய சின்னம், ஏன் அந்த உருவம் என்று தெரிந்தால்தான் ஆணி. தெரியாதவை இழுப்பறையில் கிடக்கும்.

போன வருடம் மே மாதம் பரீஹா ஏணியேறி வந்தாள். முப்பது வயது. அவள் குடும்பத்துக்குத் தோல் பை வியாபாரம். அப்பா போன பிறகு அவளுடைய காக்கா, அதாவது மூத்த அண்ணன், நடத்தி வந்தார். பரீஹாவுக்கு வெளிநாட்டு வியாபாரத்தைத் தனியாகச் செய்து பார்க்க ஆசை. ஒரே ஒரு ஆர்டர் நீயாகப் பிடித்து நீயாக முடித்துக் காட்டு, முடிந்தால் எக்ஸ்போர்ட் உன் கையில், இல்லாவிட்டால் பழையபடி கடைக் கவுண்டரில் உட்கார் என்று காக்கா சொல்லிவிட்டார். கவுண்டரில் உட்கார்ந்து நாலு வருடம் சலித்துப்போனவள் அவள். அந்த ஒரே ஆர்டரைத்தான் வெயிலுமுத்துவிடம் கொண்டுவந்தாள்.

"லாட்வியான்னு ஒரு நாடு அண்ணாச்சி. அங்க ஒரு அரண்மனை பக்கத்துல ஒரு அம்மா கடை வச்சிருக்காங்க. டூரிஸ்டுக்கு நோட்புக் விக்கிறவங்க. தோல் கவர் இருநூத்தி நாப்பது. வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்குப் பார்சல் போகணும். லேட்டானா சீசன் போயிரும்னு சொல்லிட்டாங்க."

"சின்னம் யாருது?"

"அந்தக் காலத்துல அந்த ஊரை ஆண்ட குடும்பமாம்."

"என்ன குடும்பம்?"

"ஆர்டர் கிடைச்சதே பெரிசு அண்ணாச்சி. குடும்ப வரலாறெல்லாம் நான் கேக்கல."

"கேட்டிருக்கலாம்லா," என்றார் வெயிலுமுத்து, உண்மையான வருத்தத்தோடு.

வாட்ஸப்பில் வந்திருந்த படம் மங்கலாக இருந்தது. ஒரு கேடயம், நாலு கட்டம். இரண்டில் கிரீடம் வைத்த சிங்கம், இரண்டில் கிரீடம் வைத்த மான். நடுவில் ஒரு குட்டிக் கேடயம், அதில் பாதியில் ஏதோ எழுத்துகள், மறுபாதியில் பல் பல்லாக ஒரு சாமான். கேடயத்துக்கு மேலே இருந்த பெரிய கிரீடத்தின் தலை படத்தில் வெட்டுப்பட்டிருந்தது. மானும் முன்பாதிதான் இருந்தது. முகம், கொம்பு, தூக்கிய முன்னங்கால்கள், அதோடு கட்டத்தின் ஓரம் வந்து முடிந்துவிட்டது.

வெயிலுமுத்துவுக்கு இது புதிதில்லை. தாராவிக்கு வருகிற படம் எதுவும் முழுசாக வந்ததில்லை. பள்ளிக்கூடச் சின்னத்தில் விளக்கு வரும், சுடர் இருக்காது. கிளப் சின்னத்தில் மட்டை வரும், பிடி இருக்காது. வேலை கொடுக்கிறவன் பாதியைத்தான் அனுப்புவான், மீதியைப் பார்த்துப் போட்டுக்கொள்வது தொழில்காரனின் பொறுப்பு என்பது அங்கே எழுதாத ஏற்பாடு. அப்படிப் போடுவதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. படத்தை எடுத்துக்கொண்டு லேபர் கேம்பில் அச்சு வெட்டும் சந்தியாகுவிடம் போனார்.

"கிரீடம் கட் ஆயிருக்கு, மானும் கட் ஆயிருக்கு. ரெண்டையும் முழுசாப் போட்டுருவோம்," என்றார்.

"பின்னங்கால் எப்படி இருக்கும் அண்ணாச்சி?"

வெயிலுமுத்து யோசித்தார். மகள் கலைச்செல்வி சின்னப்பிள்ளையாக இருந்தபோது பைக்குளா ராணி பாகுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே புள்ளிமான் கூண்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். அந்தப் பின்னங்கால்களையும், சட்டென்று நிமிரும் அந்த வாலையும் பென்சிலால் போட்டுக் காட்டினார். இடம் போதாததால் மானைக் கொஞ்சம் சிறிதாக்கி உடம்பு முழுவதையும் கட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நடுவிலிருந்த பல் சாமான் என்ன என்று இருவருக்கும் விளங்கவில்லை. ரம்பம் என்றார் சந்தியாகு. ராஜா எதற்கு ரம்பம் வைத்துக்கொள்ளப் போகிறான் என்று வெயிலுமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. அதை மட்டும் படத்தில் உள்ளபடியே வெட்டினார்கள்.

அச்சு அழகாக வந்தது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் இருநூற்று நாற்பது கவர்களையும் அழுத்தி முடித்தாகிவிட்டது. பரீஹா வந்து ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். இனி ஓரத் தையல் மட்டும்தான் பாக்கி.

முதல் அழுத்தத் துண்டு மட்டும் மேஜைமேல் கிடந்தது. யாருடையது என்று தெரியாமல் ஆணி அடிக்க முடியாது. இழுப்பறையில் போடவும் மனசு வரவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கும் கலைச்செல்வி அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், இங்கிலீஷ் சரளம். துண்டைப் போனில் படம் பிடித்துத் தேடச் சொன்னார். சொர்ணம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே காதைக் கொடுத்தாள்.

"இருக்குப்பா. கெட்லர் ஃபேமிலி. கூர்லாந்துன்னு ஒரு டச்சி, டியூக் ஆளுத நாடு. மத்லப், டியூக்குன்னா ராஜா இல்ல, ராஜாவுக்குக் கீழ. போலந்து ராஜாவுக்குக் கப்பம் கட்டுத மாதிரி."

"மொதல்ல யாரு?"

"காட்ஹார்ட். அவரு சாமியார்ப்பா. கத்தி வச்ச சாமியாருங்க ஒரு குரூப் இருந்துச்சாம், அதுக்கு அவருதான் கடைசித் தலைவர். ஆயிரத்தி ஐநூத்தி அறுபத்தி ஒண்ணுல அந்தக் குரூப்பைக் கலைச்சுட்டு டியூக் ஆயிட்டாரு. பெறகு கல்யாணம்."

"சாமியாரு சம்சாரி ஆயிட்டாரா," என்றாள் சொர்ணம்மாள். "நல்ல ஆளுதான்."

கலைச்செல்வி படிக்கப் படிக்க வெயிலுமுத்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காட்ஹார்டின் பேரன் யாக்கோபு. கையகலத் தேசத்தை வைத்துக்கொண்டு கப்பல் கப்பலாகக் கட்டித் தள்ளியிருக்கிறார். அமெரிக்காப் பக்கம் டொபாகோ என்ற தீவுக்கும், ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றுக்கும் ஆள் அனுப்பிக் குடியேற்றம் வைத்திருக்கிறார். நடுவில் சுவீடன்காரன் வந்து குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வந்து மறுபடியும் கப்பல் கட்டினார். அவருடைய பேரன் பிரெடரிக் வில்லியம், ருஷ்ய அரச குடும்பத்துப் பெண் அன்னாவைக் கட்டப் போனான். கல்யாணம் நடந்தது. ஊர் திரும்புகிற வழியில் மாப்பிள்ளை செத்துப்போனான். பதினெட்டு வயது.

"தாலி கட்டி எத்தன நாளு?" என்றாள் சொர்ணம்மாள்.

"ரெண்டு மாசம்."

சொர்ணம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "அந்தப் பிள்ள என்ன பண்ணுச்சு?"

"அந்த ஊருக்கே போயிருச்சும்மா. புருஷனில்லாம அங்கயே இருபது வருஷம். அப்புறம் ருஷ்யாவுக்கே மகாராணி ஆயிட்டா. கெட்லர் வீட்டுல ஃபெர்டினாண்டுனு ஒரு சித்தப்பா மட்டும் மிச்சம். அவருக்குப் பிள்ளை கிடையாது. அவரோட அந்த வம்சம் அவ்வளவுதான், முடிஞ்சுது. பெறகு பிரோன்னு வேற வீட்டுக்காரங்க."

"நடுவுல பல்லு பல்லா இருக்கே, அது?"

"கெட்டில் ஹூக். அடுப்பு மேல பாத்திரம் தொங்கவிடுத கொக்கியாம்பா. உயரத்தைக் கூட்டிக் குறைக்கதுக்குத்தான் பல்லு."

சொர்ணம்மாளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "அடுப்படிச் சாமானை நெஞ்சுல வச்ச ஒரே ராஜா அவுகதான்," என்றாள். வெயிலுமுத்துவும் சிரித்தார். எல்லாம் தெரிந்துவிட்டது, ஆணி அடித்துவிடலாம் என்று எழுந்தவர், மகளின் போனை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அந்த மானைப் பெரிசாக்கு."

பெரிதாக்கினாள். பாதி மான். அடுத்த படம், பாதி மான். கல்லில் செதுக்கியது, காகிதத்தில் வரைந்தது, வண்ணம் பூசியது என்று பதினோரு படம் பார்த்தார்கள். பதினொன்றிலும் மான் கட்டத்தின் ஓரத்திலிருந்து பாதி உடம்போடுதான் எட்டிப் பார்த்தது. சின்னமே அப்படித்தான். வெட்டுப்பட்டது கிரீடம் மட்டும். உலகத்திலேயே கெட்லர் வீட்டு மானுக்குப் பின்னங்காலும் வாலும் இருந்தது தாராவியில்தான், அதுவும் இருநூற்று நாற்பது கவர்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு. அழுத்திய தோலைத் திரும்ப நிமிர்த்த முடியாது.

"விடுங்கப்பா. யாருக்குத் தெரியப்போவுது," என்றாள் கலைச்செல்வி.

"எனக்குத் தெரிஞ்சுட்டே," என்றார் வெயிலுமுத்து.

சும்மா இருந்திருந்தால் கவர்கள் வெள்ளிக்கிழமை கிளம்பியிருக்கும், பரீஹா சிரித்த முகத்தோடேயே இருந்திருப்பாள். ஐம்பது வருடமாக ஊரார் கேலி செய்த புத்தி, கடைசியில் ஒரு பெண்ணின் பிழைப்பிலேயே கைவைத்துவிட்டது. சொல்லாமல் விட்டால் அந்தக் கடைக்கார அம்மாள் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். அவள் ஊர்ச் சின்னம் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அப்போது தலைகுனிவது பரீஹாதான்.

மறுநாள் காலை பரீஹாவின் சின்ன ஆபீசுக்குப் போய், சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் கவரையும் போனிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பாத்தேனே அண்ணாச்சி. எனக்கே தெரியலியே."

"தப்பு என்னுதும்மா. கேக்காம போட்டுட்டேன். வாழ்நாள்ல கேக்காம செஞ்சது இது ஒண்ணுதான்."

அனுப்பிவிடலாமா என்று அவள் மனசில் ஓடியது முகத்திலேயே தெரிந்தது. காக்காவின் கடை கீழேதான். கவுண்டர் பையன்கள் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பிறகு போனை எடுத்து, அங்கே கடை திறக்கிற நேரம் வரட்டும் என்று மத்தியானம்வரை காத்திருந்து வீடியோவில் கூப்பிட்டாள்.

கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். குட்டை முடி, மூக்குக்கண்ணாடி. பரீஹா கவரைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் குரல் மென்மையாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னது சுருக்கம். இதை விற்க முடியாது. உள்ளூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். போதாக்குறைக்கு அந்த மிருகத்துக்கு வால் இவ்வளவு நீளம் கிடையாது. ஆர்டரை விட்டுவிடலாம், வருத்தம்தான்.

பரீஹா தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெயிலுமுத்து அவள் தோள்பக்கம் குனிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேளும்மா. ஏன் பாதி?"

"அண்ணாச்சி, இப்பவா?"

"போறதுதான் போவுது. கேட்டுரு."

கேட்டாள். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை என்றாள். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ தனக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதில் அவள் கேட்டதற்கு அப்பா ஒரு பதில் சொல்லியிருக்கிறார். மானை யாரும் வெட்டவில்லை, அது காட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது, மீதி உடம்பு மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

பரீஹா மொழிபெயர்த்து முடித்தபோது வெயிலுமுத்துவின் முகம் மாறியிருந்தது.

"அப்போ பின்பாதி இருக்கு. மறைஞ்சுதான் இருக்கு."

"அப்படித்தான் சொல்றாங்க."

"பின்ன என்னத்துக்கும்மா அழிக்கணும், மறைச்சாப் போதும்லா? சரியான அச்சு வெட்டுவோம். கேடயத்தை மட்டும் தனித் துண்டாத் தோல்ல அழுத்தி வெட்டி, இதுமேல வச்சுத் தைப்போம். பழசு பள்ளம்தானே, மேல துருத்தாது. மேல இருக்கிறது பாதி மான். முழு மான் உள்ள, காட்டுக்குள்ள கிடக்கட்டும். தோலும் புதுசா வாங்க வேண்டாம், வெட்டுன கழிவே போதும்."

இதை அப்படியே சொல்லு என்றார். அவள் அப்படியே சொன்னாள். கடைக்கார அம்மாள் முதலில் புரியாமல் விழித்தாள். புரிந்ததும் ஒரு சிரிப்புச் சிரித்தாள், போனில் படம் ஆடிப்போனது. மாதிரி ஒன்றைப் படமெடுத்து அனுப்புங்கள், பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமையே அனுப்பலாம் என்றாள்.

சந்தியாகு கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அன்று மாலையே அச்சைக் கொடுத்தார். மாதிரி பிடித்துவிட்டது. இரட்டைத் தோல் ஏறியதால் கேடயம் தூக்கலாக, முன்னதைவிட அம்சமாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் கார்கானாவில் நிற்க இடமில்லை. வெயிலுமுத்து அழுத்த, சொர்ணம்மாள் துண்டுகளுக்குப் பசை தடவ, லீவு போட்டுவிட்டு வந்த கலைச்செல்வி ஓரம் பார்த்து ஒட்ட, பரீஹா தையல் மெஷினில் உட்கார்ந்தாள். முதல் நாலைந்து கோணலாகப் போயின. அவற்றைப் பிரித்து மறுபடி தைத்தாள். பத்தாவதிலிருந்து கை பழகிவிட்டது.

பதினோரு மணிக்குக் காக்கா ஏணியேறி வந்தார். தங்கச்சி முழங்கை வரை பசையோடு மெஷினில் இருப்பதைப் பார்த்தார். பசை காயாத ஒரு கவரை எடுத்து, மேல் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு ரெண்டு கேடயம்?"

வெயிலுமுத்து வாயைத் திறப்பதற்குள் பரீஹா சொன்னாள். "தப்பு நடந்துட்டு காக்கா. பார்ட்டிகிட்ட நானே சொல்லிட்டேன். சரி பண்ணிக்கிட்டிருக்கோம்."

தப்பு யாருடையது என்று அவள் சொல்லவில்லை. வெயிலுமுத்து பிரஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். காக்கா கவரைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார். கால்மணி நேரத்தில் அவர் கடைத் தையல்காரர்கள் இரண்டு பேர் தங்கள் ஊசி நூலோடு ஏறி வந்தார்கள். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பார்சல் போய்விட்டது.

பரீஹா கவுண்டருக்குத் திரும்பவில்லை. ஜூலையில் நல்ல மழை நாளில், முக்காடு நனைய ஏணியேறி வந்தாள். கவர்கள் மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டனவாம். அந்த அம்மாள் வாங்க வந்தவர்களிடமெல்லாம் உள்ளே முழு மான் இருக்கிறது என்று சொல்லி வைக்க, அவர்கள் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்களாம். இரண்டு பேர் தையலைப் பிரித்தே பார்த்துவிட்டார்கள். இப்போது மறுபடி இருநூற்று நாற்பது வேண்டும். இந்த முறை மேல் கேடயத்தின் ஒரு பக்கத்தைத் தைக்காமல் விடவேண்டும், தூக்கிப் பார்க்க வசதியாக.

"ரெண்டு அச்சும் வேணும் அண்ணாச்சி. தப்பான அச்சு இருக்கா?"

இருந்தது. இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். சுவரில் கெட்லர் வீட்டுத் துண்டுகள் இரண்டும் ஏற்கெனவே ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே பாதி, கீழே முழுசு.

"அந்த அம்மா உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்காங்க," என்றாள் பரீஹா.

"என்கிட்டயா?"

"மானோட பின்பாதி எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நானூறு வருஷத்துக்கு மேல எங்க ஊர்ச் சின்னத்துல யாரும் அதப் போட்டதில்லையேன்னு கேக்காங்க."

வெயிலுமுத்து வாழ்க்கையில் எத்தனையோ பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். அவரை நிற்கவைத்து ஒருவரும் கேட்டதில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் பரீஹாவை உட்காரச் சொன்னார். கீழே எட்டிப் பார்த்து மூன்று டீ போடச் சொன்னார். பிறகு அவள் போனில் ரெக்கார்டை அழுத்தச் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பைக்குளாவுல ராணி பாகுன்னு ஒரு மிருகக்காட்சி சாலை இருக்கும்மா," என்று ஆரம்பித்தார்.